காஸ்ட் அக்ரிலிக் என்று நம்பி வாங்கிய 12 ராடு: உளிப்பிடி கடைபவர்கள் கவனத்துக்கு

நேற்று இரவு ஏழாவது பிடியும் வெடித்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உளிகளுக்கு மரத்துக்குப் பதில் அக்ரிலிக்கில் பிடி கடைய, பிளாஸ்டிக் ராடு விற்கும் ஓர் இணையக் கடையில் 32 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளத்தில் 12 ராடு வாங்கினேன். முழுப்பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கட்டுவதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காஸ்ட் ராடா, எக்ஸ்ட்ரூடட் ராடா?" ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "காஸ்ட்தான் சார், கடைசலுக்கென்றே வைத்திருக்கிறோம்." கூடவே பளபளவென்று கடைந்த பிடியின் படமும். கேட்டது புரிந்து பதில் சொல்கிறார்களே என்று அந்த இடத்தில்தான் நம்பினேன்.

வந்தது எக்ஸ்ட்ரூடட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் லேத்தில்தான் தெரியும். காஸ்ட் என்பது அச்சில் ஊற்றி மெல்ல இறுகவிட்டது. சீவல் சுத்தமாகக் கழன்று வரும். எக்ஸ்ட்ரூடட்டை உருக்கித் துளை வழியே பிதுக்கித் தள்ளுகிறார்கள். அதில் உண்டாகும் விசை உள்ளேயே தங்கிவிடுகிறது, சூட்டுக்கும் சீக்கிரம் இளகுகிறது. நிமிடத்துக்கு 1200 சுற்றில், புதிதாகத் தீட்டிய உளியில், மெல்லிய சீவலாக எடுத்தும் சீவல் உருகி முனையில் ஒட்டிக்கொண்டது. பிடிக்குள் நுழையும் உளியின் காம்புக்கு 8 மி.மீ. துளை போடும்போது 5 மி.மீ.க்கு ஒருமுறை துரப்பணத்தை வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் போட்டேன். அப்படியும் துளையின் வாயிலிருந்து கீறல் ஓடியது. தூசி துடைக்க ஸ்பிரிட் தொட்டதும் மேலெல்லாம் வலைபோல நுண்வெடிப்பு. உள்ளே விசை தங்கிய அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் இதுதான் நடக்கும்.

முதல் புகாருக்கு, "லேத்தை வேகமாக ஓட்டியிருப்பீர்கள்" என்றார்கள். வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பினால், "உளி மழுங்கியிருக்கும்." பிறகு, "அறுத்த சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை." சரி, கைபடாத ஐந்து ராடையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குப் பதிலே இல்லை. ஏழு வெடித்தன, ஐந்து உதவாமல் கிடக்கின்றன, போனது 12 ராடின் முழுப்பணம்.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஒரே ஒரு ராடு வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள்; வலை விழுந்தால் மீதியை வாங்காதீர்கள். காஸ்ட் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அரட்டைச் செய்தியில் சொன்னது எதற்கும் உதவாது. எக்ஸ்ட்ரூடட் ஏற்கெனவே கையில் இருந்தால், கடைந்து துளை போட்ட பிறகு 80 டிகிரியில் பல மணி நேரம் வைத்து மிக மெல்ல ஆறவிடுங்கள், விசை தளரும். காம்பை அடித்து இறுக்காதீர்கள். சூட்டுக்கு எஃகைவிட அக்ரிலிக் பல மடங்கு விரிந்து சுருங்கும், அதனால் துளையைச் சற்றுத் தளர்வாக விட்டு எபாக்ஸிப் பசையில் உட்காரவையுங்கள்.

12 ராடின் பணத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டார்கள், பதில் இல்லை.