யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு தரம் 11 வரலாற்று வகுப்பு: பிள்ளையை அனுப்பலாமா?

மகளை இந்த ரியூசனுக்கு விடத் தொடங்கி இரண்டு தவணை முடிந்துவிட்டது. திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நடக்கிற தூரம், ஒரு வீட்டுப் பின்வளவில் தகரக் கொட்டகை, சனி பின்னேரம் இரண்டு மணித்தியாலம். ஒருவர் தனியாக நடத்துவதால் பெயர் போடவில்லை, சந்தைப் பக்கம் வரலாற்று வகுப்பு எங்கே என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

போன சனி மழை பிடித்துக்கொண்டது, நானும் பின் வாங்கில் இருந்துவிட்டேன். அன்றைக்கு அமெரிக்க சுதந்திரப் போர். நாங்கள் படித்த காலத்தில் அது, பிரித்தானியப் பாராளுமன்றம் தன் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் போட்ட சட்டங்களின் வெறும் பட்டியல்: 1764 சீனிச் சட்டம், 1765 முத்திரைச் சட்டம், 1767 டவுன்சென்ட் சட்டங்கள், 1773 தேயிலைச் சட்டம். ஏன் சண்டை வந்தது என்றால் வரி கூடிவிட்டது என்று எழுதுவோம், புள்ளியும் கிடைக்கும்.

சேர் அந்தப் பதிலைத்தான் முதலில் உடைத்தார். சீனிச் சட்டம் வெல்லப்பாகுத் தீர்வையைக் கலனுக்கு 6 பென்சிலிருந்து 3 பென்சாகக் குறைத்தது. தேயிலைச் சட்டத்தால், வரி இருந்தும், தேயிலை மலிந்தது. மலிந்த தேயிலையை, அதுவும் 342 பெட்டியை, டிசம்பர் 16 இரவு பொஸ்ரன் துறைமுகத்தில் ஏன் கொட்டினார்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "அவையளைக் கேக்காமப் போட்டது, சேர்" என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அங்கிருந்துதான் பாடமே தொடங்கியது. பழைய 6 பென்சை யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை, புதிய 3 பென்சையோ விடாமல் அறவிட்டார்கள், பிடிபட்டவனை யூரிகள் இல்லாத நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். முத்திரைச் சட்டத்துக்கு, காணி உறுதி முடிக்க, பத்திரிகை அடிக்க, சீட்டுக்கட்டு விற்கக்கூட முத்திரைத்தாள் வேண்டும், அதையும் பிரித்தானியக் காசில் வாங்க வேண்டும் என்று விளக்கினார். உறுதி என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது, காணி உறுதிக் கதை இல்லாத வீடு இங்கே ஏது? எதிர்ப்புக்குப் பயந்து 1766 இல் அதை நீக்கினார்கள். நீக்கிய கையோடு, குடியேற்றங்களுக்கு எந்த விடயத்திலும் சட்டம் போட எமக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டமும் போட்டார்கள். குடியேற்றங்களின் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் அது.

அப்புறம், அந்தத் தேயிலைக்குச் சொந்தக்காரரான கிழக்கிந்தியக் கம்பனிதான் 1796 இல் நம்முடைய கரையோரத்தையும் எடுத்து மதராசிலிருந்து ஆண்டது, தென்னைக்கு வரி போட்டது, 1797 இல் கலகம் வந்தது என்று முடிச்சுப் போட்டார். அதே பாடப்புத்தகத்தில் இருக்கிற 1848 மாத்தளைக் கலகத்தையும், நாய் வரி, துவக்கு வரி, வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை என்று பக்கத்தில் எழுதிக் காட்டினார். இரண்டு பாடமும் ஒரே பலகையில் நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் பெரிய குறை, 1774 ஐப் பத்து நிமிடத்தில் ஓட்டியது. கொட்டிய தேயிலைக்குக் காசு வரும்வரை பொஸ்ரன் துறைமுகத்தை மூடியதும், மசசூசெற்சின் சாசனத்தை மாற்றி ஊர்க்கூட்டங்களைக் கட்டுப்படுத்தியதும்தான் அந்த ஆண்டின் கனமான விடயம். ஒரு ஊரைத் தண்டிக்கப் போய் மற்றக் குடியேற்றங்களையும் பயப்படுத்திவிட்டார்கள், செப்டெம்பரில் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் கூடின. அடுத்த ஏப்ரலில் லெக்சிங்டனில் போரின் முதல் வெடி. கோபம் புரட்சியாக மாறிய இடத்துக்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். அதற்கு முன் பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரால் பிரித்தானியாவுக்கு ஏறிய கடனையும் ஒரு வரியில் முடித்துவிட்டார், மற்றப் பக்கத்து நியாயமும் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே.

வகுப்பில் தருகிற ரியூட் தாளின் அச்சு மங்கல், வெயில் நாளில் கொட்டகைக்குள் இருக்க ஏலாது. மாதம் 1500 ரூபா, சேர் வாசித்துவிட்டு வருகிற வேலைக்கு அது அதிகமில்லை. வெறும் வினாவிடை தேடுகிற பிள்ளைக்கு இது சரிவராது, வேறு இடம் பாருங்கள். அடுத்த சனி பிரெஞ்சுப் புரட்சி. சேரிடம் கேட்டுவிட்டேன், மழை இல்லாவிட்டாலும் பின் வாங்கில் இருப்பேன்.