வட்டி குறைப்பதாக வரும் அழைப்பா, புது வங்கியா, பழைய வங்கியேவா?

“சார், ஹோம் லோனுக்கு இப்ப என்ன வட்டி கட்டுறீங்க? ஒன்பதேகாலா? எட்டேகாலுக்கு மாத்தித் தர்றேன். இஎம்ஐ மாசம் ஐயாயிரத்துக்கு மேல குறையும்.” வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு பழகிப்போயிருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.50க்குக் கொண்டுவந்ததும் இப்படி அழைப்பவர்களுக்குப் பேச நல்ல சாக்குக் கிடைத்தது. இப்படி ஒரு அழைப்பு வந்தால் நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: அழைத்தவர் மூலமாகவே கடனை மாற்றுவது, நாமே வேறு வங்கிக்குப் போவது, இருக்கிற வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்வது.

முதலில் அந்த ஐயாயிரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பாக்கி 30 லட்சம், இன்னும் 15 வருடம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.25 சதவீதத்தில் இஎம்ஐ சுமார் 30,876 ரூபாய். அதே 15 வருடத்துக்கு 8.25 சதவீதம் என்றால் 29,104. மாதம் 1,772 ரூபாய்தான் குறைகிறது. அப்புறம் ஐயாயிரம் எப்படி? தவணைக் காலத்தைச் சத்தமில்லாமல் 20 வருடமாக்கினால் இஎம்ஐ 25,562 ஆகிவிடும். மாதம் 5,300 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 55.6 லட்சத்திலிருந்து 61.3 லட்சமாக ஏறுகிறது. வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் ஐந்தே முக்கால் லட்சம் கூடுதலாகப் போகிறது. அழைத்தவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார். ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் மீதமுள்ள வருடங்களை மாற்றாமல் கணக்குப் போடுங்கள்.

அழைப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் உண்மையான டிஎஸ்ஏ, அதாவது வங்கிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். அவருக்கான கமிஷனை வங்கியே கொடுத்துவிடும். கடன் தொகை கூடினால் கமிஷனும் கூடும் என்பதால்தான் “கூடவே ஒரு டாப்-அப் போட்டுக்கலாமே” என்று கூடுதல் கடனுக்கும் இழுக்கிறார். கடனோடு காப்பீட்டையும் சேர்த்து ஒட்டிவிடுவது இன்னொரு பழக்கம். இன்னொருவர் சுத்த மோசடி ஆள். ‘ஃபைல் சார்ஜ்’ என்று சொல்லித் தன் சொந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்பார், போனில் செயலியை நிறுவிவிடும் ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், ஓடிபி கேட்பார். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் போனை வைத்துவிடலாம்.

உங்கள் பெயர், கடன் கொடுத்த வங்கி, தொகை எல்லாம் சரியாகச் சொல்கிறாரே என்று மயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் எம்ஓடி, அதாவது கடனுக்கு அடமானமாகப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருந்தால் அந்த விவரம் வில்லங்கச் சான்றில் இருக்கும். அதைப் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். விளம்பர அழைப்பு என்றால் 140இல் தொடங்கும் எண்ணிலிருந்து வர வேண்டும். சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து வந்தால் அதுவே ஒரு குறி. வங்கியின் இணைய முகவரி இப்போது ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அழைப்பவரின் பெயரையும் டிஎஸ்ஏ குறியீட்டையும் வாங்கிக்கொண்டு, வங்கியின் எண்ணை நீங்களே தேடிப் பேசிச் சரிபாருங்கள். நிஜமான ஏஜென்ட் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது வழியில் நாமே புது வங்கிக்குப் போகிறோம். இதில் நம்பிக்கைப் பிரச்சினை குறைவு, செலவுதான் அதிகம். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடனை முன்கூட்டி முடித்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் பழைய வங்கியில் தடையில்லை. ஆனால் புது வங்கியில் பிராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவேஷன், பிறகு பழைய எம்ஓடியை ரத்து செய்யும் ரசீது, புது எம்ஓடிக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று வரிசையாக வரும். ஒழுங்கான டேக் ஓவரில், அதாவது புது வங்கி பழைய கடனை ஏற்கும்போது, பணம் உங்கள் கைக்கோ ஏஜென்ட் கைக்கோ வராது. பழைய கடன் கணக்குக்கே நேராகப் போகும். 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியைக் காட்டும் ‘கேஎஃப்எஸ்’ என்ற விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். வாய்ச்சொல்லை விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

மூன்றாவது வழிக்குக் கவர்ச்சி கிடையாது. நான் முதலில் தட்டச் சொல்லும் கதவு இதுதான். 2019 அக்டோபருக்கு முன் வங்கியில் வாங்கிய கடன் இன்னும், வங்கி தன் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் எம்சிஎல்ஆரிலோ அதற்கும் பழைய முறையிலோ கிடக்கலாம். ஒரு விண்ணப்பம், கொஞ்சம் மாற்றுக் கட்டணம், ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாறிவிடலாம். முன்பு பார்த்த 30 லட்சக் கடனில் பழைய வங்கி 8.50க்கு இறங்கினால் இஎம்ஐ 29,542. 8.25 தரும் புது வங்கியோடு வித்தியாசம் மாதம் 438 ரூபாய்தான். டேக் ஓவருக்குக் கூடுதலாக 35,000 செலவானால் அதைத் திருப்பி எடுக்கவே ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். கிளையில் மசியவில்லை என்றால் கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் ஃபோர்குளோஷர் லெட்டர் கேளுங்கள். அதுவரை ‘சிஸ்டத்தில் இல்லை’ என்றவர்களுக்குக்கூட அப்போது குறைந்த வட்டி கண்ணில் படும்.

வங்கி அல்லாத வீட்டுக் கடன் நிறுவனத்தில் வாங்கியவர்கள் கதை வேறு. அவர்களுக்கு ரெப்போவோடு இணைக்கும் கட்டாயம் இல்லை. நிறுவனம் வைத்ததுதான் விகிதம். பாக்கி பெரிதாக இருந்து, பத்து வருடத்துக்கு மேல் மிச்சமும் இருந்து, வட்டி வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் வங்கிக்கு மாறுவது நிச்சயம் லாபம். மூன்று நான்கு வருடம்தான் பாக்கி என்றால் எந்த அழைப்புக்கும் மெனக்கெட வேண்டாம். வட்டியில் பெரும்பகுதியை ஏற்கெனவே கட்டி முடித்திருப்பீர்கள். மாறுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடன் முடிந்து 30 நாளுக்குள் பழைய இடத்திலிருந்து அசல் பத்திரம் வெளியே வர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2023 டிசம்பரிலிருந்து இது அமலில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.