பிசியோதெரபிக்குப் போகிறீர்களா? ஒரு கணக்கு டீச்சரின் நீண்ட நாள் அனுபவம்

எலும்பு டாக்டர் "பிசியோதெரபிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்ததும் நம் ஆட்கள் செய்வது இரண்டில் ஒன்று. சீட்டை மடித்துப் பர்சில் வைத்துவிட்டு வலி மாத்திரையையே தொடர்வார்கள். இல்லையென்றால் நாலு நாள் போய் "கரண்ட்" வைத்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல" என்று நின்றுவிடுவார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு ரகமும் உண்டு. நான் ஒரு வருடத்துக்கும் மேலாகப் போய் வந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதில் இப்போது எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது.

வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, சர்க்கரை உண்டு. வலி வந்தது வலது தோளில். கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டவில்லை. ஜடை பின்ன முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் எழுப்பிவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சீட்டில் "பி.ஏ. ஷோல்டர்" என்று எழுதியிருந்தார், வெளியில் எல்லோரும் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். தோள் மூட்டை உறையாகச் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கித் தடித்துச் சுருங்கிவிடுகிறது, அதனால் மூட்டு அசைய இடமில்லாமல் போகிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள்தான் அதிகம் வருமாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் இன்னும் அதிகம். தைராய்டைத் தவிர எல்லாமே எனக்குப் பொருந்தியது.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இடம். பெயர், வயது கேட்டார்கள், படுக்க வைத்தார்கள், தோளில் நாலு பட்டையை ஒட்டி மெஷினை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மணி அடித்ததும் வேறொரு பெண் வந்து ஜெல் தடவி இன்னொரு மெஷினை வைத்துத் தேய்த்தார். கையை யாரும் தூக்கிப் பார்க்கவே இல்லை. வெளியே வந்தால், "பத்து சிட்டிங் மொத்தமா கட்டினா ஒண்ணு ஃப்ரீ மேடம்" என்றார்கள். தள்ளுபடியில் புடவை வாங்கியிருக்கிறேன். தோள்பட்டைக்கு அது சரிப்படும் என்று தோன்றவில்லை. இரண்டு வாரத்தில் இடத்தை மாற்றினேன்.

இரண்டாவது இடத்தில் முதல் அரை மணி நேரம் மெஷின் பக்கமே போகவில்லை. என் மகள் வயதுள்ள பெண்தான் பிசியோ, ஆனால் கேள்வி கேட்பதில் தலைமையாசிரியர் தோற்றார். எப்போது ஆரம்பித்தது, கீழே விழுந்தீர்களா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா, விரல் மரத்துப்போகிறதா, கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு, என்னென்ன மாத்திரை. கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பச் சொன்னார், கழுத்து நரம்பில் உள்ள தொந்தரவு தோளில் வலியாகத் தெரியலாம் என்பதற்காக. வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொன்னார். எனக்கு மார்க் போடுவது பழக்கம்தான். பகலில் 5, ராத்திரியில் 8.

பிறகு கோனியோமீட்டரை எடுத்தார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாகைமானிதான், இரண்டு நீண்ட கைகள் கூடுதலாக இருக்கும். கையை முன்பக்கமாகத் தலைக்குமேல் தூக்கினால் முழு அளவு 180 பாகை, எனக்கு 95. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் 10 பாகைகூடத் தேறவில்லை. இந்த நோயில் அந்தத் திருப்பம்தான் முக்கியமாகப் போகும் என்றார். முதுகுக்குப் பின்னால் கட்டைவிரல் எதுவரை போகிறது என்பதையும் குறித்துக்கொண்டார். அடுத்து என் கையைத் தளர்த்திவிடச் சொல்லி அவரே தூக்கினார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. நானாகத் தூக்கும்போது வராமல், அடுத்தவர் தூக்கும்போது மட்டும் தாராளமாகப் போனால் தசைநார் கிழிசலைச் சந்தேகிப்பார்களாம். இரண்டும் ஒரே இடத்தில் முட்டினால் மூட்டே இறுகியிருக்கிறது என்று கணக்கு.

நீங்கள் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், எந்த மூட்டுக்காகப் போனாலும், முதல் நாள் அளக்கிறார்களா என்று பாருங்கள். அளக்காத இடத்தில் முன்னேற்றம் என்பது அவர்கள் சொல்வதுதான். என் பதிவு அட்டையில் இன்றைக்கும் அந்த 95 இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பல நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போகும்போது பழைய எக்ஸ்ரே, சர்க்கரை ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள். தளர்ந்த சுடிதார் வசதி. புடவை என்றால் திரை போட்டு மறைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், கூச்சமாக இருந்தால் பெண் பிசியோ வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். படிப்பையும் கேட்கலாம். பி.பி.டி. என்பது பிசியோதெரபி பட்டப்படிப்பு, எம்.பி.டி. அதற்கு மேல் இரண்டு வருடம். போர்டில் "பிசியோ" என்று போட்டுக்கொண்டு தைலம் தேய்க்கும் கடைகளும் ஊரில் இருக்கின்றன.

மெஷின்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுடுநீர்த் தொட்டியில் ஊறிய ஹாட் பேக்கைத் துண்டில் சுற்றித் தோளில் வைப்பார்கள், பரம சுகம். ஐ.எஃப்.டி. என்பதுதான் எல்லோரும் சொல்லும் கரண்ட். சுருசுருவென்று இருக்கும், வலிக்காது. அல்ட்ராசவுண்டில் ஜெல்லின் குளிர்ச்சியைத் தவிர ஒன்றும் தெரியாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், உடம்பில் பிளேட்டோ ஸ்க்ரூவோ உள்ளவர்கள் இவற்றுக்கு முன்னால் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரையால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஹாட் பேக் விஷயத்தில் ஜாக்கிரதை. சுடுவது தெரியாமலேயே கொப்புளம் வந்துவிடும். இவ்வளவு சொன்ன பிறகு என் தீர்ப்பு: இதெல்லாம் பந்தி போடுமுன் இலையில் தண்ணீர் தெளிப்பது. சாப்பாடு பிறகுதான். தோள் இறுக்கத்துக்கு இந்த மெஷின்கள் கூடுதலாக என்ன செய்கின்றன என்பதற்கு ஆய்வுகளிலும் வலுவான சான்று கிடைக்கவில்லை. என் பிசியோவே, "வலி குறைஞ்சா கையை விட்டுக் குடுப்பீங்க டீச்சர், அதுக்குத்தான் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன அந்தக் கை வேலைதான் விஷயம். படுக்க வைத்து, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மேல்கை எலும்பின் உருண்டையைக் குழியில் மெல்ல மெல்ல வழுக்கவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ ஆட்டுகிறார் என்றுதான் தெரியும், என் கணவர் அப்படித்தான் நினைத்தார். ஜெஃப்ரி மெயிட்லண்ட் என்ற ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் வகுத்த முறை இது. அசைவை நாலு படியாகப் பிரித்திருக்கிறார். முதல் இரண்டும் இறுக்கத்தைத் தொடாத அசைவுகள், வலியைத் தணிக்க. மூன்றும் நாலும் இறுக்கத்தின் விளிம்புக்கே போய் அதைத் தள்ளிப்பார்க்க. முதல் மாதம் முழுக்க என் பிசியோ இரண்டைத் தாண்டவில்லை. எனக்குப் பொறுமை இல்லை.

"வேகமா இழுத்து விட்டுருங்களேன், ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல?"

"ஸ்டூடண்ட் கணக்கு போடலைன்னு ஒரே நாள்ல அடிச்சுப் போட வச்சுருவீங்களா டீச்சர்?"

பதில் பேச வாயில்லை. வீட்டில் உட்கார்ந்து தேடியபோது அவர் பக்கம்தான் சான்று இருந்தது. நெதர்லாந்தில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 77 பேரை இரண்டு குழுவாகப் பார்த்திருக்கிறார்கள். வலியின் எல்லைக்குள் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் தோள் ஏறக்குறைய இயல்புக்கு வந்தது. வலியைத் தாண்டி இழுத்துப் பயிற்சி கொடுத்த குழுவில் அது 63 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான் என்றாலும், "பல்லைக் கடிச்சுட்டுப் பொறுத்துக்கங்க" என்று முதல் வாரமே கையைப் பிடித்து இழுக்கும் இடத்தை விட்டு எழுந்து வர இது போதும்.

வலிக்கவே வலிக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் கட்டத்தில், வலி இறங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது, அவர் படியைக் கூட்டினார். சில நாள் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போது அவர் கொடுத்த அளவுகோல் இன்றைக்கும் உதவுகிறது. அன்று ராத்திரி கொஞ்சம் கூடலாம், மறுநாள் காலை பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை சொல்ல வேண்டும், அவர் குறைத்துக்கொள்வார். சொல்லாமல் பொறுத்துக்கொள்வது நம் ஊர்ப் பெண்களுக்குப் பெருமை. இங்கே அது பிசியோவுக்குத் தவறான விடையைக் கொடுப்பது.

மிச்ச வேலை வீட்டில். குனிந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு ஊஞ்சலாட்டுவது முதல் பயிற்சி. இதைப் புகழ்பெறச் செய்த பாஸ்டன் சர்ஜன் எர்னஸ்ட் காட்மன்தான் 1934-இல் ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரையும் வைத்தவர். அடுத்து சுவரில் விரலால் ஏறுவது. மாப் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை தள்ள, நோயாளிக் கை வெளிப்பக்கம் திரும்புவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது. கிளினிக்கில் கப்பி, கயிறு, சுவரில் பெரிய சக்கரம் எல்லாம் இருக்கும், குழந்தைகள் பூங்காவுக்கு வந்த மாதிரிதான். வீட்டு ஜன்னல் கம்பியில் கயிறு போட்டால் அதே வேலை நடக்கும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்வதைவிடக் காலை, மதியம், ராத்திரி என்று பத்துப் பத்து நிமிடம் பிரித்துச் செய்யச் சொன்னார். மதியப் பத்து நிமிடத்தை ஸ்டாஃப் ரூம் சுவரில்தான் செய்தேன். தமிழ் ஐயா தினமும் ஒரு கமெண்ட் வைத்திருப்பார்.

கிளினிக்கில் சுற்றிப் பார்த்தால் நம் கஷ்டம் சின்னதாகிவிடும். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வந்த பாட்டிகள், பக்கவாதத்துக்குப் பிறகு டம்ளரைப் பிடிக்கப் பழகும் ஆண்கள், முகவாதம் வந்து கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்துப் பழகும் கல்லூரிப் பையன், கழுத்து வலியோடு லேப்டாப் பையைச் சுமந்துகொண்டே வரும் ஐ.டி. பெண். ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்ப்பார்கள், அது தவிர்க்க முடியாதது. ஆனால் கை வேலை நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் பிசியோ உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். போன் பேசிக்கொண்டே செய்தால் அது சரியில்லை.

நடுவில் 120 பாகையில் வந்து நின்றுவிட்டது. வாரக்கணக்காக நகரவில்லை. பக்கத்து வீட்டம்மா புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எலும்பு முறிவுக்குக் கட்டுவதை இறுக்கத்துக்கு எப்படிக் கட்டுவார்கள் என்று தெரியவில்லை, போகவில்லை. எலும்பு டாக்டர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி சட்டென்று இறங்கியது, சர்க்கரை சில நாள் எகிறியது. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தினமும் பார்த்துக்கொண்டேன். மயக்க மருந்து கொடுத்துக் கையை விடுவிப்பது, துளை போட்டுச் சவ்வை வெட்டிவிடுவது என்ற பேச்சும் வந்தது. பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் அந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த முறையான பிசியோதெரபியையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வருடக் கடைசியில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக ஜெயிக்கவில்லை. நான் பிசியோவிலேயே இருந்துவிட்டேன்.

செலவு, நான் போன இடத்தில் ஒரு தடவைக்கு 350 ரூபாய். முதலில் வாரம் மூன்று நாள், பிறகு ஒரு நாள், பிறகு மாதம் ஒரு முறை என்று அவரே குறைத்துக்கொண்டு வந்தார். நாளைக் குறைக்கத் தயாராக இருக்கும் பிசியோவை விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்யும் இந்தச் செலவை என் இன்ஷூரன்ஸ் தரவில்லை. உங்கள் பாலிசியைப் படித்துவிடுங்கள். கட்டுப்படியாகாதவர்களுக்கு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோ பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க நேரம் வேண்டும். எழுந்து வர முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். கிராமத்தில் பக்கவாதம் வந்த என் சித்தப்பாவுக்கு வந்த பையன், அவரை நடக்க வைத்ததோடு சித்திக்கும் எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான்.

இப்போது முன்பக்கம் 165, வெளித்திருப்பம் 55. பலகையின் மேல் வரி எட்டுகிறது, ஜடை பின்னுகிறேன், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடிகிறது. முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் பழையபடி இல்லை, அது கடைசியாகத்தான் வருமாம், முழுசாக வராமலும் போகலாமாம். கிளினிக்குக்கு இனி வர வேண்டாம், மாப் கட்டைப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். சிலருக்குச் சில வருடம் கழித்து அடுத்த தோளிலும் வரும், சர்க்கரை இருந்தால் வாய்ப்பு கூடுதல் என்பதால் இடது கையையும் அளந்து அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 175.