பில்லில் 'ரிங் கேப் செட்டிங்', இன்ஜினில் ஒன்றுமில்லை

நாலு சிலிண்டர் இன்ஜினை போர் செய்து (சிலிண்டர்களைக் கடைந்து அகலமாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு வாங்கினேன். பில்லில் 'ரிங் கேப் செட்டிங்' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனிக் கூலி. பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கேப், அதை ராவிச் சரிசெய்வதுதான் இந்த வேலை. நானும் கேட்காமல் கொடுத்தேன்.

300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஒரு ஏற்றத்தில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி திணறியது. பிறகு நீலப்புகை. செய்தவரிடம் போனால், "புது ரிங் சார், ஓட ஓடத் தானா செட் ஆயிடும்" என்றார். ஓட ஓட சுவரோடு படிவது ரிங்கின் வெளிமுகம். குறுகலான கேப் அதற்குள் தானாகத் திறந்துகொள்ளாது.

வேறொரு மெக்கானிக்கிடம் பிரித்தோம். இரண்டு சிலிண்டர் சுவரில் நெடுக்கக் கீறல். அந்த ரிங்குகளின் முனைகள் கண்ணாடிபோல் மின்னின. சூட்டில் விரிந்து ஒன்றோடொன்று முட்டியிருக்கின்றன. தப்பிய சிலிண்டரின் ரிங் முனைகளில் கம்பெனிக் கருப்புப் பூச்சு அப்படியே இருந்தது, அரம் பட்ட தடமே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது அதைப் பார்த்துதான். ராவிப் பொருத்த வேண்டிய ரிங் செட் அது, டப்பாவிலேயே எழுதியிருக்கிறது!

என் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75 மி.மீ. டர்போ இல்லாத சாதாரண இன்ஜினில் மேல் ரிங்குக்குப் பொதுக் கணக்கு, போர் அளவு பெருக்கல் 0.004. அதாவது 0.30 மி.மீ. (உங்கள் ரிங் கம்பெனி வேறு அளவு கொடுத்திருந்தால் அதுதான் செல்லும்.) தப்பிய சிலிண்டரில் மேல் ரிங்கை வைத்துப் பார்த்தால் 0.15 ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை. கேப் அதிகமானால் கொஞ்சம் அமுக்கம் கசியும், அவ்வளவுதான். குறைந்தால் இன்ஜினே போய்விடும்.

புதியவர் செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே இறக்கி, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் தள்ளிச் சமமாக உட்காரவைத்தார். ஒரு முனையை மட்டும், வெளிமுகத்திலிருந்து உள்பக்கமாக ராவினார். எதிர்த்திசையில் ராவினால் முகப்பூச்சு பெயர்ந்துவிடுமாம். ரெண்டு இழுப்பு, ஒரு அளவு. பிறகு சாணைக்கல்லால் பிசிறு எடுத்தார்.

நீங்களும் பிஸ்டன் உள்ளே போகும் முன் போய் நில்லுங்கள். "மாட்டியாச்சு, வந்து எடுத்துக்கோங்க" என்று போன் வந்தால் எதையும் பார்க்க முடியாது. இந்தத் தடவை மேல் ரிங் நாலிலும் நானே கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.30 நுழைந்தது, 0.35 நுழையவில்லை.