பழைய குகைகளில் சேவேஜ் வேர்ல்ட்ஸ்: நீண்ட நாள் நடத்திய அனுபவம்

சண்டை விதிகளை மாற்றலாம், நேரக் கணக்கை மாற்றக் கூடாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு; சேவேஜ் வேர்ல்ட்ஸ் அதே வகையில் வேறொரு விதித்தொகுப்பு. முன்னதன் பழைய நிலவறைச் சாகசங்களை இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பின்னதன் விதிகளில் நடத்திவருகிறேன். இத்தனை நாளில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் முதலில் சொன்ன அந்த ஒரு வரிதான். இப்படி ஒரு யோசனை உங்களுக்கும் இருந்தால் எது கைகொடுத்தது, எது படுத்தியது என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைப் பற்றி. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை, சனிக்கிழமை இரவு. கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி, மருத்துவமனை ஷிஃப்ட்டில் ஓடும் ஒரு தாதி அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இரண்டு மூன்று பேர், அவ்வப்போது ரிசர்விஸ்ட் இராணுவப் பயிற்சிக்கு அழைப்பு வந்து காணாமல் போகும் அலுவலக நண்பர்கள். விளையாட்டு முழுக்கத் தமிழில்தான். எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் வந்து சேர்வது அபூர்வம். கடைசி எம்ஆர்டி ரயிலுக்கு முன்னால் எழுந்தாக வேண்டும். எனவே மாதக்கணக்கில் நீளும் ஒரே கதை எங்களுக்கு ஒத்துவராது. போய், தேடி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு அன்றைக்கே கோட்டைக்குத் திரும்பும் சாகசம் வேண்டும். அதற்கு, 1979-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' சாகசப் புத்தகம் மாதிரி இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. எல்லையில் ஒரு கோட்டை. சற்றுத் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இரு பக்கமும் கோபோல்ட், கோப்ளின், ஓர்க் என்னும் அரக்கக் கூட்டங்கள் தனித்தனியே குடியிருக்கும் குகைகள். யார் வந்தாலும், யார் வராவிட்டாலும் அடுத்த வாரம் புதிதாகக் கிளம்பலாம்.

அப்படியானால் விதியை ஏன் மாற்ற வேண்டும்? டாம் மோல்ட்வே 1981-இல் தொகுத்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அடிப்படை விதிகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதில் முதல் நிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் போட்டுவிட்டால் மீதி இரவு முழுக்கக் கத்தி எறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். வாரம் முழுக்க முகாமில் இருந்துவிட்டு வரும் பையனுக்கு அது போதவில்லை. சேவேஜ் வேர்ல்ட்ஸில் திறமை ஒவ்வொன்றும் ஒரு பகடை, நான்கு முகத்திலிருந்து பன்னிரண்டு முகம் வரை. நாயகப் பாத்திரங்கள் கூடவே ஓர் ஆறுமுகப் பகடையையும் உருட்டி, இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. சாதாரண ஆறுமுகப் பகடைத் திறமைக்கே 75 சதவீத வாய்ப்பு கிடைக்கிறது. யாருக்கு முதல் அடி என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிக்கிறது. ஜோக்கர் விழுந்தால் மேசையே எழுந்து நிற்கும். சண்டை வேகமாகவும் சூடாகவும் நடக்கிறது என்பதில் எங்கள் கூட்டத்தில் இரண்டு கருத்து இல்லை.

சண்டை சரி. நிலவறை?

பழைய விதியில் நிலவறைக்கு ஒரு கடிகாரம் உண்டு. ஒரு டர்ன் பத்து நிமிடம். ஆறு டர்னில் ஒரு தீப்பந்தம் அணைந்துவிடும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை நடத்துநர் ஆறுமுகப் பகடையை உருட்டி, 1 விழுந்தால் சுற்றித் திரியும் ஜந்து ஏதோ ஒன்று வரும். மணிக்கு மூன்று உருட்டல். கணக்குப் போட்டால், ஒரு மணி நேரத்தில் குறைந்தது ஒருமுறையாவது அப்படி ஒன்று வந்து சேரும் வாய்ப்பு 42 சதவீதம். இந்தக் கடிகாரம் சேவேஜ் வேர்ல்ட்ஸில் இல்லை. அது சினிமா வேகத்துக்கான விதி, காட்சிக்குக் காட்சி தாவும். அதை அப்படியே விட்டால் குகை வெறும் சண்டைக் கூடமாகிவிடும். எனவே 1981 விதியின் கடிகாரத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் கொண்டுவந்தேன். கட்டம் போட்ட தாள் ஒன்று மேசை நடுவில் இருக்கும், டர்ன் முடிய முடியக் கட்டத்தை அடித்துக்கொண்டே போவேன்.

இரண்டும் சேர்ந்தபோது, இரண்டிலும் தனியாக இல்லாத ஓர் அழகு வந்தது. சேவேஜ் வேர்ல்ட்ஸின் இன்றைய பதிப்பில் மந்திரவாதி ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் 5 சக்திப் புள்ளி திரும்ப வரும். கடிகாரம் இல்லாத ஆட்டத்தில் இது சும்மா கிடைப்பது; "ஓய்வெடுக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடிகாரம் ஓடினால் அந்த 5 புள்ளிக்கு விலை ஒரு தீப்பந்தம், மூன்று உருட்டல், அந்த 42 சதவீத ஆபத்து. கோப்ளின் குகைக்குள் கதவை அடைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னும் எத்தனை பந்தம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, உட்காரலாமா கிளம்பலாமா என்று அவர்கள் வாதாடும் அந்த நிமிடங்களுக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். பந்தம் அணைந்தால் என்ன ஆகும் என்று புதிதாக விதி எழுதவும் வேண்டியதில்லை. கும்மிருட்டில் உருட்டலிலிருந்து 6 கழிக்க வேண்டும் என்று சேவேஜ் வேர்ல்ட்ஸே சொல்கிறது. அந்த எண்ணைக் கேட்டதும் பந்தம் பிடிக்க ஆள் தேடுவார்கள்.

அடுத்து தங்கம். பழைய விதியில் கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. ஒரு கோப்ளினை வெட்டினால் கிடைப்பதோ வெறும் 5. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 வேண்டும். வெட்டியே ஏற நினைத்தால் நானூறு கோப்ளின் தேவை! ஆகவே ஆட்டக்காரர்கள் பதுங்குவார்கள், பேரம் பேசுவார்கள், ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு மோதவிடுவார்கள். சேவேஜ் வேர்ல்ட்ஸில் பாத்திரத்தின் திறன் கூடும் முன்னேற்றம் எப்போது என்பது நடத்துநர் கையில். ஆளுக்கு 500 பொற்காசு கோட்டைக்குள் வந்து சேர்ந்தால் ஒரு முன்னேற்றம் என்று வைத்துவிட்டேன். இந்த ஒரே வரி ஆட்டத்தின் குணத்தையே காப்பாற்றியது. கோப்ளின்கள் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு 250 பொற்காசுப் பையை எறிந்து உதவிக்கு அழைப்பார்கள் என்று கைகாக்ஸ் எழுதியிருக்கிறார். எங்கள் தாதி அக்கா அந்த ஓகரிடம் போய் அதைவிட அதிகம் தருகிறேன் என்று பேசி முடித்தார். வாள் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

காயங்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் அரைமனதுதான். மோல்ட்வே விதியில் உயிர்ப்புள்ளி தேயத் தேயப் பயம் ஏறும், பூஜ்ஜியத்தில் மரணம். இங்கே தேய்மானம் இல்லை. ஒன்றும் ஆகாது, அல்லது திடீரென்று இரண்டு காயம். காயத்துக்கு ஒன்றாக எல்லா உருட்டலிலும் கழிவதால், அடிபட்டவன் மேலும் அடிபடுவான். இயற்கையாக ஆறுவதற்கான உருட்டல் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான். சாவு குறைந்தது, ஆனால் பயணம் பாதியில் முடிவது கூடியது. இதில் ஒரு நன்மையும் உண்டு. கோட்டையில் இவர்கள் பத்து நாள் படுத்திருக்கும்போது குகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காவலைக் கூட்டுவார்கள், நுழைவாயிலில் பொறி வைப்பார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு எனக்கு வேலை பாதி முடிந்துவிடும்.

உருட்டலை மறுபடி உருட்ட உதவும் பென்னி எனப்படும் சில்லுகளை ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு மூன்று என்றே வைத்தேன். கூடுதலாக அள்ளிக் கொடுத்தால் நிலவறையின் அச்சம் கரைந்துவிடுகிறது. சேவேஜ் வேர்ல்ட்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரக்கூடும். குகைக்குள் இதுதான் சரி.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய லாபம் கூலியாட்கள். பழைய சாகசங்கள் பந்தம் பிடிப்பவனையும் ஈட்டிக்காரனையும் கூட்டிப் போவதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. பல விதிகளில் அவர்கள் வந்தால் ஆட்டம் நத்தையாகிவிடும். இங்கே அவர்களுக்கு ஒரே பகடை, ஒரு காயத்தில் விழுவார்கள், ஆட்டக்காரர்களே அவர்களை இயக்கலாம். எட்டுப் பேர் வரிசையாகப் போனாலும் சுற்று தேங்குவதில்லை. வராத நண்பனின் பாத்திரம் கோட்டையில் தங்கிவிடும், அவன் இடத்தை இரண்டு ஈட்டிக்காரர்கள் நிரப்புவார்கள். கூலியாட்களுக்கும் எதிரிகளுக்கும் பழைய மன உறுதி உருட்டலையே வைத்திருக்கிறேன். முதல் ஆள் விழுந்தபோதும், பாதிப்பேர் விழுந்தபோதும் இரண்டு ஆறுமுகப் பகடை. ஓர்க்குக்கு 8. அதைத் தாண்டினால் ஓட்டம்.

இனி, தயாராகாமல் இறங்கக் கூடாத இடங்கள். உச்ச எண் விழுந்தால் பகடையை மறுபடி உருட்டிக் கூட்டும் விதியால் பெரிய எதிரி ஒரே அடியில் விழலாம். அதே அதிர்ஷ்டம் கோபோல்டுக்கும் உண்டு. அதோடு, சுற்றிவளைப்பவர்களின் தாக்குதல் உருட்டலில், கூடுதலாகச் சேரும் ஆளுக்கு ஒன்றாக 4 வரை கூடும். திறந்த அறையில் கோபோல்ட் கூட்டம் ஓகரைவிடக் கொடியது. வாசற்படியில் நின்று சண்டையிட எங்கள் ஆட்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். வரைபட அளவும் உதைக்கும். பழைய வரைபடத்தில் ஒரு கட்டம் பத்து அடி, சேவேஜ் வேர்ல்ட்ஸில் ஓர் அங்குலம் ஆறு அடி. முப்பது அடி அறையை ஒருவன் ஒரே சுற்றில் கடந்துவிடுவான். சிறு அறைகளில், பாத்திரங்களைக் குறிக்கும் பொம்மைகளை ஓரமாக வைத்துவிட்டு, யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று மட்டும் கேட்கிறேன்.

பொறிகளைப் பொறுத்தவரை, கவனித்தல் திறமையை உருட்டிக் கண்டுபிடிக்கவிட்டால் பாதிச் சுவை போய்விடும். நீளக் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறேன் என்று சொன்னால் பள்ளம் தெரிந்துவிடும், பகடை வேண்டாம். எதுவும் சொல்லாதவர்களுக்குத்தான் உருட்டல்.

இதனால்தான் 1978-இல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' சாகசத்துக்கு இந்த விதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சண்டை சொற்பம், பொறியும் புதிரும்தான் முக்கியம். சேவேஜ் வேர்ல்ட்ஸின் பலம் அத்தனையும் அங்கே பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பல கூட்டங்கள், பல வாசல்கள், பேரத்துக்கு இடம் எல்லாம் உள்ள சாகசமாக எடுங்கள். நாங்கள் அடுத்து 1981-இன் 'தி ஐல் ஆஃப் டிரெட்' தீவுக்குப் போகிறோம். அங்கே பத்து நிமிட டர்னுக்குப் பதில் நாள் கணக்கு. கட்டத் தாளைப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன்.