பிரிட்ஜெட் ஜோன்ஸின் எடைக் கணக்கு

‘பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டைரி’ என்ற ஆங்கிலப் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. 32 வயது பிரிட்ஜெட் புத்தாண்டில் நாட்குறிப்பு எழுத உட்காருகிறாள். முதல் கணக்கே உடம்பு எடை: 136 பவுண்டு. முதல் தீர்மானம், அதில் 20 பவுண்டைக் குறைப்பது. பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்து, “62 கிலோகூட இல்லை அத்தை” என்றாள். இதற்கா இந்தப் பாடு?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறேன். அளவு டேப்பைக் கையில் எடுத்ததும் வயிற்றை எக்காத பெண்கள் அபூர்வம். எக்கிய வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்தால் கல்யாண மண்டபத்தில் கொக்கி தெறித்துவிடும். அதனால் பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு என்று எதையாவது கேட்டுப் பேச வைத்து, மூச்சை விட்ட பிறகுதான் டேப்பைச் சுற்றுவேன். அப்படியும் “கொஞ்சம் பெருத்துவிட்டேன் அக்கா” என்பார்கள், ஏதோ எனக்குக் கடன் பாக்கி வைத்தவர்கள் போல. நானா கேட்டேன்? ஆகவே இந்தப் படத்தைக் காதல் படமாகப் பார்ப்பதற்கு முன்பே, எங்கள் கடைக்கு வருகிற ஒருத்தியின் கதையாகத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

2001இல் வந்த படம். எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்த நினைவில்லை. பாரதி மகளிர் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள்தான் வீட்டு டிவியில் போட்டு, எனக்குப் புரியாத இடங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹெலன் ஃபீல்டிங் 1996இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். இயக்கிய ஷாரன் மகுவயர் அவருடைய தோழி. படத்தில் எதற்கெடுத்தாலும் கெட்ட வார்த்தை பேசும் தோழி ஷாஸர், இந்த இயக்குநரையே மனதில் வைத்து எழுதப்பட்ட பாத்திரம். பிரிட்ஜெட்டாக நடித்த ரெனே ஸெல்வெகர் அமெரிக்காவில் டெக்சாஸ்காரர். எடை கூட்டிக்கொண்டு, லண்டன் உச்சரிப்பும் பழகி நடித்தார். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, நியாயம்தான்.

கதை இரண்டு ஆண்களுக்கு நடுவே. பிரிட்ஜெட் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் அவளுக்கு மேலதிகாரியான டேனியல் சிரித்துப் பேசி மயக்குகிறவன். வக்கீல் மார்க் டார்சி முகம் கொடுத்தே பேசாதவன். டார்சி என்பது ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதாநாயகனின் பெயர் என்பதால் யார் நல்லவன் என்பது முன்பே தெரிந்துவிடும். அதனால் சுவை குறையவில்லை.

தையற்காரியின் கண்ணுக்கு இந்தப் படத்தில் நிறையத் தீனி. டேனியலும் வரும் புத்தக வெளியீட்டு விழாவுக்குக் கிளம்பும்போது அழகான சின்ன உள்ளாடையா, வயிற்றை அமுக்கிப் பிடிக்கும் பெரியதா என்று இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். பெரியதைப் போட்டால்தான் உடை ஒழுங்காக உட்காரும்; ஆனால் அவன் பார்த்துவிட்டால்? பார்த்தும்விடுகிறான். சிரிக்கிறான், அவ்வளவுதான். அந்தத் துணியால் அவன் அவளை விட்டுப் போகவில்லை. பிறகு நியூயார்க் அலுவலகத்துப் பெண்ணோடு அவன் போனதற்குக் காரணம் அவன் புத்தி. இதை எத்தனை பெண்களுக்குச் சொன்னாலும் ஏறாது. இந்தக் காட்சியில் ஏறிவிடும்.

முயல் வேடக் காட்சி இன்னும் கூர்மை. மாறுவேட விருந்து என்று நம்பி, முயல் காதும் வாலுமாக வந்து நிற்கிறாள். வேடம் வேண்டாமென்று முடிவானதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில். மாற்றுத் துணியும் இல்லை, ஓடி ஒளியவும் முடியாது. அதே கோலத்தில் எல்லோரிடமும் பேசி முடிக்கிறாள். தைரியம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அண்ணன் மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது வேறொரு இடத்தில். “நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே உன்னைப் பிடிக்கிறது” என்று மார்க் சொல்வதுதான் படத்தின் உச்சம் என்றாள் அவள். இல்லை என்கிறேன் நான். உச்சம், வேலையை விடும் காட்சி. மொத்த அலுவலகமும் காது கொடுத்துக் கேட்க, உன்னிடமிருந்து பத்து கஜ தூரத்தில் வேலை பார்ப்பதைவிடச் சதாம் உசேனுக்கு (இங்கே எழுதக் கூடாத ஒரு சேவை) செய்யலாம் என்று டேனியல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடக்கிறாள். அந்த நேரத்தில் எந்த மார்க்கும் அவள் பின்னால் இல்லை. கணக்கில் எடை குறைந்திருந்ததா என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஆனால் படம் அந்தத் துணிச்சலை முழுதாக நம்பவில்லை. புது டிவி வேலையில் அவளுக்குப் பெயர் வாங்கித் தரும் பேட்டியை மார்க்தான் ஏற்பாடு செய்து கொடுக்கிறான். ஏன், அவளே ஒரு பேட்டியைப் பிடிக்கக் கூடாதா? அம்மா கதையும் அப்படித்தான். கணவன் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்று, டிவியில் நகை விற்கும் ஒருவனோடு போய்விடுகிறாள். ஐம்பது தாண்டிய பெண்ணின் அந்த மனக்குறை தனிப் படத்துக்கே தாங்கும். இங்கே அவசரமாக அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சமையல் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். காய்கறியைக் கட்டிய நூல் நீலம் என்பதால் சூப்பும் நீலமாகிவிடுகிறது. தோழர்கள் முகம் சுளித்துக்கொண்டே சாப்பிட்டு, அவள் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறார்கள். என்னைக் கேட்டால், அவளை உள்ளபடியே ஏற்றுக்கொண்டவர்கள் மார்க்குக்கு வெகு முன்பிருந்தே இவர்கள்தான்.

குடி, சிகரெட், படுக்கைப் பேச்சு எல்லாம் தாராளம். வீட்டுப் பெரியவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் தாய்லாந்துச் சிறை வரைக்கும் கதையை இழுத்திருக்கிறார்கள், தவறவிட்டால் நஷ்டமில்லை. 2016இல் மூன்றாம் பாகம் வந்தது; 2025இல் நான்காவது வந்திருக்கிறது. அதில் பிரிட்ஜெட் கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அடுத்து அதைத்தான் பார்க்கப்போகிறோம், தீபாவளித் தையல் முடிந்ததும்.