இரவுத் தங்கலும் பிளக் பாயிண்ட்டும்: மின்சார ஸ்கூட்டரில் 28,000 கிலோமீட்டர்

மதுரை பழங்காநத்தத்திலிருந்து அலுவலகம் போய்வருவதற்கென்று வாங்கிய மின்சார ஸ்கூட்டர் இது. இரண்டரை ஆண்டுகளில் 28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர், வெளியூரில் இரவு தங்கிப் போய்வந்த பயணங்கள்: இராமேசுவரம் இரண்டு முறை, தேனி வழியாகக் குமுளி மூன்று முறை, கொடைக்கானல் ஒரு முறை, காரைக்குடிப் பக்கம் பல முறை. வண்டியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்; சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். பேட்டரியின் கொள்ளளவு 3.7 யூனிட், அதாவது வீட்டு மின்கட்டணக் கணக்கில் வரும் அதே யூனிட்.

முதல் ஆறு மாதம் எனக்கிருந்த கவலையெல்லாம் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். நிறுவனம் அச்சிடும் தூரம் ஆய்வுக்கூடத்தில் உருளையின்மேல் ஓட்டி அளக்கப்படுவது. அங்கே எதிர்க்காற்று கிடையாது, பின்னிருக்கையில் மனைவியும் துணிப்பையும் கிடையாது. நான்குவழிச் சாலையில் 45 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போனால் 110 கிலோமீட்டர் கிடைக்கும். அதே சாலையில் 65இல் விரட்டினால் 80ஐத் தாண்டுவதே பெரும்பாடு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குப் போகும்போது அது இரண்டேகால் மடங்காகிவிடுகிறது.

இந்தக் கணக்கை எனக்கு உறைக்கும்படி சொல்லிக்கொடுத்தது ஆடிக்காற்று. தை மாதத்தில் 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேனிக்குப் போனபோது பேட்டரியில் 67 விழுக்காடு செலவானது. ஆடியில் அதே வேகத்தில் கிளம்பியவன், உசிலம்பட்டியைத் தாண்டியதுமே திரையில் எண் மளமளவென்று இறங்குவதைக் கண்டேன். மலைக் கணவாய்களின் வழியே வரும் மேல்காற்று நேரே நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. ஆண்டிபட்டியில் 24 விழுக்காடு. அந்தப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதை ரசிக்கும் மனநிலையில் நான் இல்லை. வேகத்தை 35க்குக் குறைத்து உருட்டிக்கொண்டு தேனிக்குள் நுழைந்தபோது மீதம் 6 விழுக்காடு. மறுநாள் திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளிவிட்டதில், வீட்டு வாசலில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

தூரம் பழகிவிட்டது. இப்போது பயணத்தைத் தீர்மானிப்பது இரவில் வண்டி நிற்கும் இடம்தான். லாட்ஜுக்குப் போன் செய்து ‘சார்ஜ் போட வசதி உண்டா?’ என்று கேட்டால், எல்லா ஊரிலும் ‘இருக்கு சார்’ என்ற பதிலே வரும். கைப்பேசிக்குக் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். இரண்டு முறை ஏமாந்த பிறகு, பேட்டரி வண்டி என்பதையும், அதைக் கீழேயே நிறுத்தி விடியவிடிய சார்ஜ் போட வேண்டும் என்பதையும் முழுதாகச் சொல்லியே கேட்கிறேன். என் வண்டியில் பேட்டரியைக் கழற்றி அறைக்கு எடுத்துப்போக முடியாது. எனவே இரண்டாம் மாடியில் கடல் தெரியும் அறையைவிட, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஒரு பிளக் எனக்கு மேலானது.

வண்டியோடு வந்த சார்ஜர் 750 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு மின்சாரம்தான். ஐந்து ஆம்ப் பிளக்கே கணக்குப்படி தாங்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம் ஓடும், இது ஐந்தரை மணி நேரம் ஓடும் என்பதில்தான் சிக்கல். காரைக்குடியில் ஒரு லாட்ஜின் வராந்தாவில் செருகிவிட்டு, அரை மணி கழித்து வந்து பிளக்கைத் தொட்டபோது கை சுட்டது. சுவிட்சை அணைத்துப் பிடுங்கிப் பார்த்தால் ஓர் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம். கருவாடு கருகியது போன்ற வாடை. உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோயிருந்தது. அன்றிலிருந்து செருகிய அரை மணியில் ஒருமுறை இறங்கிவந்து தொட்டுப் பார்க்காமல் சாப்பிடப் போவதில்லை. எர்த் இல்லாத இடத்தில் என் சார்ஜர் வேலை செய்யவே மறுக்கும். அது நல்லதுதான் என்றாலும், இரவு ஒன்பது மணிக்கு அப்படித் தோன்றாது. பத்து மீட்டர் நீளத்துக்குத் தடித்த ஒயரில் எலக்ட்ரீசியனிடம் செய்துவாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும், பிளக்கில் செருகிப் பார்க்கும் சிறு மீட்டரும் எப்போதும் இருக்கைக்கு அடியில் கிடக்கின்றன.

அந்த மீட்டரால் ஒரு வாக்குவாதமும் தீர்ந்தது. ‘ஏசி ரூமே இம்புட்டுக் கரண்ட் இழுக்காதுண்ணே’ என்று முகம் சுளித்த மேலாளரிடம், காலையில் அதிலிருந்த 3.9 யூனிட்டைக் காட்டினேன். ஓர் ஏசி ஒரு ராத்திரிக்கு அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும் என்பது அவருக்கே தெரியும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் 60 ரூபாய் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

இராமேசுவரம் 170 கிலோமீட்டர். ஒரே மூச்சில் முடியாது. பரமக்குடியில் சாப்பாட்டுக்கு இறங்கி, கெஞ்சிப் பெற்ற பிளக்கில் இரண்டரை மணி நேரம் போட்டால் 45 விழுக்காடு ஏறும். இராமநாதபுரத்தில் இரவுத் தங்கல். முதல் பயணத்தில் ஒன்பது மணிக்குச் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கி, ஐந்து மணிக்கு இறங்கிவந்து பார்த்தால் திரையில் 61. பிளக்கில் தண்ணீர் மோட்டாரின் ஒயர் இருந்தது. ‘மோட்டாருக்குச் சொருக வேற எடமில்ல சார், பெறகு மறந்துட்டேன்’ என்றார் வாட்ச்மேன். பாம்பன் பாலத்துக் காற்றையும் கடந்து 8 விழுக்காட்டில் இராமேசுவரம் சேர்ந்தேன். தனுஷ்கோடி அந்த முறை இல்லை என்றாயிற்று. இப்போது பிளக்கின் மேல் ‘ராத்திரி எடுக்க வேண்டாம்’ என்று எழுதிய அட்டையை ஒட்டிவிட்டு, வாட்ச்மேனிடம் நேரிலும் சொல்லிவிட்டே படுக்கிறேன்.

மலைப்பாதை நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. வத்தலக்குண்டில் இரவு தங்கி, முழுச் சார்ஜோடு காலையில் கொடைக்கானல் ஏறினேன். வண்டியும் நானும் சாமானும் சேர்ந்து 200 கிலோ. அதை 1,800 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ ஒரு யூனிட், மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஊசிமுனை வளைவுகளில் வேகம் தானாகவே குறைவதால் காற்றுத்தடையில் மிச்சமாகி, 17 விழுக்காட்டோடு மேலே போய்ச் சேர்ந்தேன். தவறு இறங்கும்போது நேர்ந்தது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 விழுக்காட்டில் கிளம்பியதால், இறக்கத்தில் மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமில்லை. மின்சாரம் உண்டாக்கும்போதுதான் மோட்டார் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும்; ஆகவே அது தரவேண்டிய பிரேக்கும் கிடைக்கவில்லை. முதல் பத்துக் கிலோமீட்டர் முழுப் பாரமும் பிரேக் பட்டையின்மேல் விழுந்து கருகிய வாடை வர, ஓரங்கட்டி ஆறவிட்டேன். மலையிலிருந்து இறங்குவதற்கு முந்தைய இரவில் 80 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்வதே சரி. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது அப்படிச் செய்ததில் பிரேக்கை அதிகம் தொடவே வேண்டியிருக்கவில்லை.

விரைவு சார்ஜரை நம்பித் திட்டமிடுவதை விட்டுவிட்டேன். சாலையோர பெட்ரோல் பங்குகளில் இருப்பவை பெரும்பாலும் கார்களுக்கானவை. அந்த முனை ஸ்கூட்டரில் பொருந்தாது. இருசக்கர வண்டிகளுக்கு ஒரு பொது முனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் ஏற்றது என்றாலும் எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறவில்லை. சித்திரை வெயிலில் நிறுத்தியவுடன் சார்ஜ் போட்டால் பேட்டரி சூட்டில் மெதுவாகவே ஏறும்; நிழலில் அரை மணி ஆறவிட்டுப் போடுவது மேல்.

பேட்டரி தேய்ந்திருக்கிறது, ஆனால் குறைசொல்லும்படி இல்லை: 110 கிலோமீட்டர் போன இடத்தில் இன்று 102 போகிறது. அன்றாடம் 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு, வெளியூர் போகும் நாளில் மட்டும் முழுதாக ஏற்றுகிறேன். ஒரே நாளில் போய்த் திரும்பியாக வேண்டியவருக்கு இந்த வண்டி ஆகாது.

அடுத்து, சாரல் தொடங்கியதும் குற்றாலம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று எதிரே வரும் என்பதால் முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். லாட்ஜுக்குப் போன் செய்து வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்தேன். ‘எங்க வண்டியும் பேட்டரி வண்டிதாண்ணே, பதினஞ்சு ஆம்ஸ் பாயிண்ட்டே வச்சிருக்கோம், வாங்க’ என்று பாதியிலேயே சொல்லிவிட்டார்கள்.